கழித்தலும் முன்னேற்றமே!



நியூட்டனின் இரண்டாம் இயக்க விதியை நடத்தும் நாளில் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "ஒரு கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்து விற்கிறது. அதன் எஞ்சின் 170 குதிரைத்திறன் தருகிறது. பத்தாண்டுகள் கழித்து, அதே பெயரில் புதிய மாடல் வருகிறது. அதன் எஞ்சின் தருவது 131 குதிரைத்திறன்தான். இது முன்னேற்றமா, பின்னடைவா? கை தூக்குங்கள்!"

பின்னடைவு என்றுதான் பெரும்பாலான கைகள் உயரும். ஒரு மாணவன் எழுந்து, "மொபெட் வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்கிய கதை, சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் அன்று ஒரு மாணவி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்று நீங்கள் சொல்லவில்லையே, சார். அது தெரியாமல் முன்னே போனதா, பின்னே போனதா என்று எப்படிச் சொல்வது?" என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு நான் கேட்ட விடைகளில் இதுவே சிறந்தது. எந்தத் திசையில் போக வேண்டும் என்று தெரிந்தால்தானே முன் எது, பின் எது என்று சொல்ல முடியும்? அவளுக்கு அன்று மணியடித்துவிட்டதால் முழுவதும் சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்ன கார் கற்பனையன்று. ஜப்பானில் ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டா நிறுவனம் செய்யும் 'ரோட்ஸ்டர்' என்ற இரண்டு இருக்கைக் கார் அது. அமெரிக்காவில் அதை 'மியாட்டா' என்பார்கள். வேறு நாடுகளில் 'எம்.எக்ஸ்.-5' என்பார்கள். நம் ஊர்ச் சாலைகளில் அதைக் காண்பது அரிது. நீங்களோ நானோ அதை வாங்கப் போவதும் இல்லை. ஆனால் அதன் மாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்த வரலாறு, இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்று என்பது என் கருத்து.

எதற்காகப் பிறந்தது?

1950களிலும் 60களிலும் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் சிறிய திறந்த கார்கள் பல இருந்தன. மேலே துணிக் கூரை, உள்ளே இரண்டே பேர், முன்னால் ஒரு சிறு எஞ்சின். 1962-இல் வந்த 'லோட்டஸ் எலான்' இந்த இனத்தின் புகழ்பெற்ற கார். இவற்றின் சிறப்பு வேகமன்று, சொன்னபடி கேட்பது. ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினால் உடனே திரும்பும். ஆனால் இவை அடிக்கடி பழுதாகும், எண்ணெய் ஒழுகும். 1970களில் புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் வந்தபோது, இவற்றுள் பல சந்தையை விட்டே மறைந்தன.

1970களின் இறுதியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் பொறியியல் தலைவர்களுள் ஒருவரான கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, 'அத்தகைய எளிய காரை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?' என்ற யோசனையைச் சொன்னார். விதை முளைக்கப் பத்தாண்டுகள் ஆயின. தோஷிஹிகோ ஹிராய் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் கார் வெளிவந்தது.

ஹிராயின் குழு முதலிலேயே ஒரு குறிக்கோளை வகுத்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் அதை 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாதல் என்பது பொருள். ஓடும் குதிரையின் மேலிருந்து அம்பு எய்யும் வீரருக்குக் குதிரை வேறு, தாம் வேறு என்று தோன்றக்கூடாது அல்லவா? அதுபோல ஓட்டுபவரும் காரும் ஒன்றாக வேண்டும். இதுதான் அந்த மாணவி கேட்ட 'எதற்காக' என்ற கேள்விக்கு விடை.

இந்தக் குறிக்கோளில் குதிரை இருக்கிறது. குதிரைத்திறன் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

குச்சியும் இரு கற்களும்

முதல் கார் ஜப்பானில் விற்கப்பட்டபோது அதன் நிறை 940 கிலோகிராம். எஞ்சின் 1.6 லிட்டர், திறன் 120 குதிரைத்திறன். அந்தக் காலத்திலேயே இதைவிட இருமடங்கு திறனுள்ள ஜப்பானியக் கார்கள் இருந்தன. பிறகு ஏன் மக்கள் இதை விரும்பி வாங்கினார்கள்? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விடை உங்கள் கையிலேயே தெரியும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் ஒரே அளவுள்ள இரு கற்களைக் கட்டுங்கள். குச்சியின் நடுவைப் பிடித்து, மணிக்கட்டை இடமும் வலமுமாக விரைவாகத் திருப்புங்கள். கை வலிக்கும். இப்போது அதே கற்களைக் குச்சியின் நடுவே, உங்கள் கைப்பிடிக்கு இருபுறமும் நெருக்கிக் கட்டித் திருப்புங்கள். எவ்வளவு எளிது! மொத்த நிறை மாறவில்லை. நிறை எங்கே இருக்கிறது என்பதுதான் மாறியது. இதைத்தான் பாடப் புத்தகத்தில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று படிக்கிறீர்கள். தூரம் இருமடங்கானால் அது நான்கு மடங்காகும்.

ஹிராயின் குழு இதையே செய்தது. கனமான எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, நடுப்பகுதியை நோக்கி வைத்தார்கள். முன்பக்கம் கனத்துவிடாமல் இருக்கப் பாட்டரியைப் பின்னால் டிக்கிக்குள் கொண்டுபோனார்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஏறத்தாழப் பாதிப் பாதியாக எடையைத் தாங்கின. கார் வளைவில் நுழையும்போது, நடுவில் கல் கட்டிய குச்சியைப் போலச் சட்டென்று திரும்பியது.

கூட்டல் கூட்டலை அழைக்கும்

வெற்றி பெற்ற எந்தப் பொருளுக்கும் ஓர் ஆபத்து உண்டு. 'இதையும் சேர்த்தால் என்ன, அதையும் சேர்த்தால் என்ன' என்ற குரல்கள் எழும். இந்தக் காருக்கும் அவை எழுந்தன.

1993-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. உடலின் விறைப்பைக் கூட்டத் தாங்கு சட்டங்கள் சேர்ந்தன. கதவுகளுக்குள், பக்கவாட்டு மோதலைத் தாங்கும் எஃகுத் தண்டுகள் வந்தன. நிறை 1,000 கிலோகிராமை நெருங்கியது. 1998-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. முதல் காரில் தவளைக் கண்போல மேலே எழும்பி மடங்கும் முகப்பு விளக்குகள் இருந்தன. பார்க்க அழகுதான், ஆனால் அவற்றுக்கு மோட்டாரும் கீல்களும் வேண்டும். அவை இருந்த இடமோ வண்டியின் மூக்கு நுனி, அதாவது குச்சியின் முனை! இரண்டாம் தலைமுறையில் அவற்றை நீக்கி, நிலையான விளக்குகளைப் பொருத்தினார்கள். எடையைக் குறைக்கச் செய்த நல்ல வேலை அது. ஆயினும் மற்றவை சேர்ந்ததால் கார் 1,000 கிலோகிராமைத் தாண்டிற்று. 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை 2 லிட்டர் எஞ்சினும், 170 குதிரைத்திறனும், ஏறத்தாழ 1,090 கிலோகிராம் நிறையும் கொண்டது. பதினாறு ஆண்டுகளில் 150 கிலோகிராம் கூடிவிட்டது. பெரியவர் இருவரை நிரந்தரமாகக் காரில் ஏற்றிக்கொண்டதற்கு இது சமம்.

இப்படிக் கூடியது யாருடைய சோம்பலாலும் அன்று. காற்றுப்பைகள் வேண்டும், அவை உயிர் காப்பவை. விறைப்பான உடல் வேண்டும். மோதலில் ஆட்கள் இருக்கும் பகுதி நசுங்காமல் இருக்க வேண்டும். புகையைத் தூய்மையாக்கும் சாதனங்கள் வேண்டும். இவற்றுள் எதையும் 'வேண்டாம்' என்று நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. உடல் கனத்தால், பழைய விறுவிறுப்பைத் தரப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினைத் தாங்க வலிய சட்டம் வேண்டும். எல்லாம் சேர்ந்த கனத்தை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்கை அடக்கப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்தைப் பிடிக்கக் கூடுதல் நட்டுகள் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து கார் இன்னும் கனத்துவிட்டது. ஆகவே இன்னும் பெரிய எஞ்சின்...! கூட்டல் கூட்டலை அழைக்கிறது. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்களே, அது மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

84 கிராம்

இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்குத் தலைமை வகித்த பொறியாளர் தகாவோ கிஜிமா இந்தச் சுழலை நன்கு அறிந்தவர். மூன்றாம் தலைமுறையை வடிவமைக்கும்போது அவர் 'கிராம் உத்தி' என்ற ஒன்றைக் கடைப்பிடித்தார். கிலோகிராமில் எண்ணாதீர்கள், கிராமில் எண்ணுங்கள் என்பது அதன் சாரம். ஓட்டுநரின் தலைக்கு முன்னால் தொங்கும் பின்பார்வைக் கண்ணாடியின் அமைப்பை எளிதாக்கி அதில் மட்டும் 84 கிராம் குறைத்தார்கள்.

ஆயிரம் கிலோகிராம் காரில் 84 கிராம் எந்த மூலைக்கு என்று கேட்கத் தோன்றுகிறதா? ஒரு காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. அவற்றுள் ஆயிரம் உறுப்புகளில் 84 கிராம் வீதம் குறைத்தால் 84 கிலோகிராம்! எந்த ஓர் உறுப்பைச் செய்பவரும் 'என்னுடையது சிறியதுதானே' என்று சொல்லக்கூடாது என்பதே அந்தக் கண்ணாடி தரும் பாடம்.

2015-இல் நடந்தது

நான்காம் தலைமுறைக்குத் தலைமை வகித்தவர் நொபுஹிரோ யமமோட்டோ. 2015-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தக் காரின் மிக எளிய வகை 990 கிலோகிராம்தான் இருந்தது. முந்தைய தலைமுறையைவிட நூறு கிலோகிராம் குறைவு. நீளத்தில் 1989-ஆம் ஆண்டின் காரைவிடவும் சில சென்டிமீட்டர் குட்டை. எஞ்சின் 2 லிட்டரிலிருந்து 1.5 லிட்டராகச் சிறுத்தது. திறன் 170-இலிருந்து 131 ஆகக் குறைந்தது. என் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

இங்கே சுழல் எதிர்த்திசையில் சுற்றியதைப் பாருங்கள். பானெட், முன் மட்கார்டுகள், டிக்கி மூடி ஆகியவற்றை அலுமினியத்தில் செய்தார்கள். உடல் இலேசாயிற்று, ஆகவே சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சினுக்குச் சிறிய பல்சக்கரப் பெட்டி போதும். நிறுத்த வேண்டிய நிறை குறைந்ததால் சிறிய பிரேக் போதும். முந்தைய தலைமுறையில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து நட்டுகள் பிடித்திருந்தன. இப்போது நான்கு போதும் என்று கணக்கிட்டார்கள். கழித்தல் கழித்தலை அழைத்தது!

அதே சமயம் உயிர் காக்கும் எதையும் அவர்கள் கழிக்கவில்லை. காற்றுப்பைகள் இருந்தன. பல நாடுகளில் விற்ற கார்களில், நடந்து செல்பவர்மீது மோத நேர்ந்தால் பானெட்டின் பின்பகுதி தானே சற்று உயர்ந்து, அவர் தலை கீழேயுள்ள எஞ்சினில் இடிக்காமல் காக்கும் அமைப்பும் இருந்தது. 1989-ஆம் ஆண்டின் காருக்கும் 2015-ஆம் ஆண்டின் காருக்கும் உள்ள வேறுபாடு 50 கிலோகிராம் மட்டுமே. அந்த 50 கிலோகிராமுக்குள் கால் நூற்றாண்டின் பாதுகாப்பு அறிவு அடங்கியிருக்கிறது. வேண்டியதைச் சேர்ப்பதற்காக வேண்டாததைத் தேடித் தேடி நீக்கினார்கள். நான் முன்னேற்றம் என்று சொல்வது இதைத்தான்.

மறைக்காமல் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டால், ஒவ்வோர் 1,000 கிலோகிராமுக்கும் 2005-ஆம் ஆண்டின் காரில் 156 குதிரைத்திறன் வருகிறது. 2015-ஆம் ஆண்டின் காரில் 132 வருகிறது. நேரான சாலையில் ஓட்டப் பந்தயம் வைத்தால் பழைய 2 லிட்டர் காரே முந்தும். ஆனால் நேர்கோட்டில் முந்துவதற்காக அந்தக் கார் பிறக்கவில்லையே!

வளைவிலும் ஒரு நுட்பம் உண்டு. வட்டப் பாதையில் செல்லத் தேவையான மையநோக்கு விசை, நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். டயர் தரும் உராய்வு விசையும், எளிய விதிப்படி, எடைக்கு நேர்விகிதம். சமன்பாட்டின் இருபுறமும் நிறை அடிபட்டுப் போகிறது. அப்படியானால் இலேசான காருக்கு என்ன இலாபம்? இரப்பர் டயர் நம் எளிய விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. சுமை இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே இலேசான காருக்கே சிறிது இலாபம். பாடப் புத்தக விதிக்கும் உண்மை உலகுக்கும் இடையே உள்ள இந்தச் சிறு இடைவெளியில்தான் பொறியாளர் வாழ்கிறார்.

ஆற்றல் கணக்கில் ஐயமே இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் 1,090 கிலோகிராம் காரின் இயக்க ஆற்றல் 2,18,000 ஜூல். 990 கிலோகிராம் காருக்கு 1,98,000 ஜூல். ஒவ்வொரு முறை பிரேக் போட்டு நிறுத்தும்போதும் 20,000 ஜூல் ஆற்றல் வீணே வெப்பமாகிப் போவது மிச்சம். அந்த ஆற்றல் பெட்ரோலிலிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

27 கிராமின் பலம்

"சரி, இன்னும் திறன் வேண்டும் என்று வாங்குவோர் கேட்டால் என்ன செய்வது?" என்பீர்கள். கேட்கத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் இந்தத் தலைமுறையை 2 லிட்டர் எஞ்சினோடுதான் விற்றார்கள். முதலில் அது 155 குதிரைத்திறன் தந்தது. 2018-இல் அதை 181 ஆக உயர்த்தினார்கள். பெரிய எஞ்சின் வைத்தா? இல்லை. கொள்ளளவு அதேதான். வால்வு, காற்றுக்குழாய் முதலியவற்றில் செய்த திருத்தங்களோடு, ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராமும், அதைத் தாங்கும் 'கனெக்டிங் ராட்' என்ற இணைப்புத் தண்டில் 41 கிராமும் குறைத்தார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6,800 சுற்றுகளுக்குப் பதில் 7,500 சுற்றுகள் வரை சுழல முடிந்தது.

27 கிராம் என்ன பெரிய நிறை என்று எண்ண வேண்டாம். கணக்குப் போடுவோம். 7,500 சுற்று என்றால் வினாடிக்கு 125 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. வினாடிக்கு 250 முறை! பிஸ்டன் செல்லும் தொலைவு 91.2 மில்லிமீட்டர். இதைத் தனிச்சீரிசை இயக்கம் என்று கொண்டால், வீச்சு அதில் பாதி, அதாவது 45.6 மில்லிமீட்டர். கோணத் திசைவேகம் வினாடிக்கு 785 ரேடியன். பெரும முடுக்கம் என்பது கோணத் திசைவேகத்தின் இருமடியை வீச்சால் பெருக்கி வருவது. விடை, ஏறத்தாழ 28,000 மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 2,800 மடங்குக்கு மேல்!

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசை = நிறை × முடுக்கம். 27 கிராமை இந்த முடுக்கத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ 760 நியூட்டன் வரும். நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடை அது. வினாடிக்கு 125 முறை, ஒவ்வொரு பிஸ்டனின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்த ஓர் ஆளை அந்தப் பொறியாளர்கள் இறக்கிவிட்டார்கள். கையில் வைத்தால் 27 கிராம். எஞ்சினுக்குள் அதன் பலம் வேறு. நிறையைப் பற்றிப் பேசும்போது, அது எங்கே, எப்படி அசைகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

ஒரு நியாயமான மறுப்பு

இதைக் கேட்ட ஒரு மாணவன் நல்ல மறுப்பு ஒன்றைச் சொன்னான். "கனமான கார்தானே சார் பாதுகாப்பு? இலேசான கார்மீது கனமான கார் மோதினால் இலேசானதுதானே நொறுங்கும்?"

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. உந்த அழிவின்மை விதியைப் பயன்படுத்திப் பாருங்கள். 2,000 கிலோகிராம் காரும் 1,000 கிலோகிராம் காரும் எதிரெதிரே, ஒவ்வொன்றும் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன என்க. மோதிய பின் இரண்டும் சேர்ந்து, கனமான கார் போன திசையில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும். கனமான காரில் இருப்பவரின் வேகம் 10 மாறுகிறது. இலேசான காரில் இருப்பவரின் வேகம் 20 மாறுகிறது. அடி இருமடங்கு.

ஆனால் இந்தக் கணக்கை அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். இதைக் கண்டு அஞ்சி எல்லோரும் 2,000 கிலோகிராம் கார் வாங்கினால் என்ன ஆகும்? இரண்டும் சம நிறை. மோதினால் இரண்டும் நின்றுவிடும். ஒவ்வொருவரின் வேகமும் 15 மாறும். எல்லோரும் 1,000 கிலோகிராம் கார் வைத்திருந்தாலும் இதே 15-தான்! இரண்டாயிரம் கிலோகிராமுக்கு மாறியதால் யாருக்கும் இலாபம் இல்லை. மோதலில் உடைக்கவும் நசுக்கவும் கிடைக்கும் ஆற்றல் மட்டும் இருமடங்காகிவிட்டது. பெட்ரோல் செலவும் கூடிவிட்டது. சாலையோரம் சைக்கிளில் போகும் உங்களுக்கும், நடந்து போகும் உங்கள் பாட்டிக்கும் இந்தப் போட்டியில் இடமே இல்லை. அபாயம் மட்டும் உண்டு.

கனத்தால் நான் வாங்கும் பாதுகாப்பு பிறருடைய பாதுகாப்பிலிருந்து எடுக்கப்படுவது. அறிவால் வரும் பாதுகாப்பு அப்படிப்பட்டதன்று. தானே உயரும் பானெட் பாதசாரியையும் காக்கிறது. இந்த இரண்டில் எதை வளர்ப்பது என்பது ஒரு தனி மனிதர் கடையில் நின்று முடிவு செய்யும் விஷயமாக மட்டும் இருக்கக்கூடாது. அதற்குச் சட்டமும் விதியும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் செய்வோருக்கும் கார் செய்வோருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை அந்த இடங்களில் இருக்கப் போகிறவர்கள் நீங்கள்தாம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தச் சிறு கார் தோற்றுப் போகவும் இல்லை. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகில் மிக அதிகம் விற்பனையானது என்று 2000-ஆம் ஆண்டிலேயே கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. குதிரைத்திறன் குறைந்த அந்த நான்காம் தலைமுறையே 2016-ஆம் ஆண்டின் உலகக் கார் என்ற விருதைப் பெற்றது. அதன் பிறகு வந்த திருத்தங்களில் சில கிலோகிராம்கள் மீண்டும் ஏறிக்கொண்டன. இந்தப் போராட்டம் ஒருமுறை வென்று முடித்துவிடக் கூடியது அன்று. ஒவ்வொரு மாடலிலும் புதிதாகத் தொடங்க வேண்டியது.

இனி வரும் போராட்டம் இன்னும் கடினமானது. மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. புகை விடாத அவை வரவேற்கத் தக்கவையே. ஆனால் ஒரு மின்சாரக் காரின் பாட்டரி மட்டுமே பல நூறு கிலோகிராம் இருக்கிறது. 'இன்னும் தூரம் போக வேண்டும்' என்று பாட்டரியைப் பெரிதாக்கினால் கார் கனக்கிறது. கனத்த காரை இழுக்க இன்னும் பாட்டரி வேண்டும். அதே பழைய சுழல்! அதை எதிர்த்திசையில் சுற்றப் போகும் ஹிராயும் கிஜிமாவும் யமமோட்டோவும் உங்களுள் யார்?

புதிய மாடல் என்று எதைக் கண்டாலும், அது காராகட்டும், கைப்பேசியாகட்டும், 'எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன்' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதற்காகச் செய்யப்பட்டது? முன்பு இருந்ததோடு எதைச் சேர்த்தார்கள், ஏன்? எதை நீக்கினார்கள், எப்படி? முதல் கேள்விக்கு விடை தெரியாதவர்களால் மூன்றாவதைச் செய்யவே முடியாது. எது வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் எது வேண்டாம் என்பதும் தெரியும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் புத்தகப் பையை ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வையுங்கள். நாளைய பாடத்துக்கு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கி மறுபடியும் நிறுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். இத்தனை நாள் காரணமில்லாமல் முதுகில் சுமந்தது அவ்வளவு. பொறியியலின் முதல் பாடத்தை அங்கிருந்தே நீங்கள் தொடங்கலாம்.